உங்கள் ஸ்டேடியத்தை மாற்றிக் கட்டப் போகிறார்களா? ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

1998 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆன் ஆர்பர் வந்தேன். அடுத்த மாதமே கூடப் படித்தவர்கள் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். எனக்கு ஒரு விதியும் தெரியாது. சிராக்யூஸிடம் 28-38 என்று தோற்றோம். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்த அந்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தெருவிலிருந்து பார்க்கும்போது அந்தக் கட்டடம் ஒரு நீளமான மதில் போலத்தான் இருக்கும். உள்ளே போனால் காலடியிலிருந்தே படிகள் சரிந்து இறங்கும், அடியில் பச்சைத் திடல். பெரிய தெப்பக்குளத்தின் மேல்படியில் நிற்பது போல இருந்தது. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டம், படியெல்லாம் மனிதர்கள், ஒரு லட்சத்துக்கு மேல்.

'பிக் ஹவுஸ்' என்று ஊரே கூப்பிடும் அந்த இடத்தை 2007 சீசன் முடிந்ததும் மாற்றிக் கட்ட ஆரம்பித்து 2010-இல் முடித்தார்கள். செலவு 22.6 கோடி டாலர். அந்த வருஷங்களில் ஒரு ரசிகையாக நான் பல தவறுகள் செய்தேன். இப்போது வேறு கல்லூரி ஊர்களில் இருக்கும் நண்பர்கள், 'எங்கள் ஸ்டேடியத்தையும் பெரிதாக்கப் போகிறார்களாம், மனசே சரியில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஃபோனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, எதை நினைத்து மனசு கஷ்டப்படுகிறது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுவது. 'பாரம்பரியம் போகிறது' என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 2006 மே மாதம் பல்கலைக்கழகத்தின் ரீஜென்ட்கள், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்கள், 5-3 என்ற ஓட்டில் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். இரண்டு பக்கவாட்டிலும் உயரமான கட்டடம் எழும்பும், அதில் பணக்காரர்களுக்குக் கண்ணாடி அறைகள் வரும் என்று செய்தி வந்தது. நான் இலையுதிர் காலத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஆன்மா, வரலாறு, வானம் என்றெல்லாம் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். ஆனால் அதில் ஒரு எண் கூட இல்லை, 'இதைச் செய்யுங்கள்' என்று ஒரு வரி கூட இல்லை. ஓட்டெடுப்பு முடிந்து மாதக்கணக்கும் ஆகிவிட்டது.

அளவெடுக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு 2007-இல்தான் வந்தது. பழைய ஸ்டேடியத்தின் கடைசி சீசன் அது. ஒரு சின்ன நோட்டும் துணி அளக்கும் டேப்பும் வாங்கிக்கொண்டு போனேன். என் சீட் கிழக்குப் பக்கம், 71-வது வரிசை. பெஞ்சில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே எத்தனை அங்குலம், ஒரு படி எவ்வளவு உயரம், எந்த வரிசையிலிருந்து கைப்பிடி இல்லை, எழுந்து நிற்காமல் திடலின் எந்த மூலை தெரியவில்லை என்று எல்லாம் குறித்தேன். குளிர்கோட்டுப் போட்ட இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நேராக உட்கார முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை அங்குலத்தில் எழுதி வைத்திருப்பவர் யாரும் இல்லை.

அப்புறம் கழிவறை வரிசை. கல்லூரி ஃபுட்பாலில் பாதி ஆட்ட இடைவேளை 20 நிமிடம். 2007-இன் முதல் ஆட்டத்தில் பெண்கள் வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்: 22 நிமிடம். என் முன்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் பாதியில் திரும்பிப் போய்விட்டார். அந்த 22 என்ற எண்ணுக்குக் கீழே அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை. அன்றைக்குத்தான் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 32-34 என்று தோற்றோம், இரண்டாம் பாதியில் பேனாவைத் திறக்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் பத்து வருஷமாக அதே வரிசையில் நின்றும் என் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லையே என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வானத்தைப்பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தேன்.

வானத்தைப்பற்றி எழுதியது தப்பில்லை. அதையும் அளக்கலாம் என்பதுதான் விஷயம். உங்கள் சீட்டிலிருந்து என்ன தெரிகிறது என்று நாலு திசையிலும் ஃபோட்டோ எடுங்கள். மாலை ஆட்டத்தில் நிழல் உங்கள் வரிசைக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள். இந்தியானாவில் நோட்ர டாம் ஸ்டேடியத்தை 1997-இல் 59,075 இருக்கையிலிருந்து 80,000-க்கு மேல் பெரிதாக்கினார்கள். விளிம்பு உயர்ந்ததும், வடக்கே நூலகச் சுவரில் கை உயர்த்தி நிற்கும் பெரிய இயேசு ஓவியம், ரசிகர்கள் 'டச்டவுன் ஜீசஸ்' என்று அழைப்பது, திடலிலிருந்து முன்போல் முழுதாகத் தெரியாமல் போனது. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். மணிக்கூண்டோ மலையோ மரமோ. எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை அது தெரிகிறது என்று கணக்கோடு போங்கள். கட்டட வரைஞருக்கு அது பயன்படும் தகவல்.

இதோடு, வரலாற்றை உண்மையிலேயே படியுங்கள். நான் படிக்காமல் பேசினேன். 'இந்த ஸ்டேடியம் எளியவர்களுக்காகக் கட்டியது, பணத்துக்கு நல்ல சீட் கொடுப்பது நம் மரபே இல்லை' என்று கூட்டத்தில் ஒருமுறை சொல்லியே விட்டேன். ஊரிலேயே இருக்கும் பென்ட்லி வரலாற்று நூலகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பழைய பல்கலைக்கழக ஆவணங்களைப் பார்க்கலாம். 1927-இல் இதைக் கட்ட, அப்போது பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த ஃபீல்டிங் யோஸ்ட் எப்படிப் பணம் திரட்டினார் தெரியுமா? 500 டாலர் கடன்பத்திரம், மொத்தம் 3,000 பத்திரம். வாங்கியவர்களுக்கு 3 சதவீத வட்டி, கூடவே பத்து வருஷத்துக்குத் திடலின் நடுப்பக்க வரிசைகளில் டிக்கெட் வாங்கும் உரிமை. அன்றைக்கு 500 டாலர் சின்னப் பணம் இல்லை. ஆக நடுப்பக்க சீட்டுக்கு முதல் நாளே விலை இருந்தது.

இன்னொன்று: 'யோஸ்ட் கட்டியதை மாற்றாதீர்கள்' என்பது எங்கள் பக்கத்து வாதம். ஆனால் யோஸ்டே ஒரு நாள் லட்சம் பேருக்கு மேல் உட்கார வேண்டும் என்று நினைத்து, அதைத் தாங்கும்படி அடித்தளம் போடச் சொன்னவர். 72,000 இருக்கையோடு தொடங்கியது 1949-இல் 97,239 ஆனது. 1956-இல் 1,01,001. கடைசியில் நிற்கும் அந்த 1, முன்னாள் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லருக்கான இருக்கை என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லை. 1998-இல் 1,07,501. மாறாத ஸ்டேடியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, நான் வந்த வருஷம்தான் மேலே புது வரிசைகள் போட்டு முடித்த ஸ்டேடியம்.

அதே 1998-இல் விளிம்பைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் பெரிய பட்டை ஒன்றை மாட்டினார்கள். ரசிகர்கள் 'ஹேலோ' என்றார்கள். எங்கள் வெற்றிப் பாட்டின் சொற்கள் ஆளுயரத்துக்கும் மேலான எழுத்தில். வடிவமைத்தது வென்ட்யூரி ஸ்காட் பிரவுன், உலகம் அறிந்த கட்டடக்கலை நிறுவனம். எனக்கு அப்போது பிடித்திருந்தது, முதல்முதலில் பார்த்ததே அதுதானே. பழைய ரசிகர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடக்கமான இடத்தில் இவ்வளவு சத்தமான வண்ணமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-இல் கழற்றிவிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஒட்டியதைக் கழற்ற வைக்க ரசிகர் குரல் போதும். வருமானம் தருவதாகக் கட்டப்படும் சுவரைத் தடுக்க அது மட்டும் போதாது, வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழிக்கு, முடிவெடுப்பது யார், எப்போது என்று தெரிய வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறோம். மிச்சிகனில் ரீஜென்ட்கள் எட்டுப் பேர், மாநிலம் முழுக்க மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள், எட்டு வருஷப் பதவி. எனக்கு இது வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அவர்கள் கூட்டத்தில் பொதுமக்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். குடியுரிமை இல்லாதவரும் கேட்கலாம், வெட்கப்படாதீர்கள். தனியார் கல்லூரி என்றால் இந்தக் கதவு இல்லை. அங்கே நகராட்சிதான் உங்கள் இடம். சிகாகோவுக்கு அருகே எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் 1926-ஆம் வருஷத்து ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தபோது, 2023 நவம்பரில் நகர மன்றத்தில்தான் பெரிய சண்டை நடந்தது. அங்கே இசைக் கச்சேரி நடத்தலாமா என்ற தீர்மானம் 4-4 என்று நின்று, மேயர் ஓட்டில்தான் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு. அக்கம்பக்கத்தார் மன்றத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அவ்வளவு எடை இருந்தது.

காலக்கணக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் 'ஆய்வு செய்கிறோம்' என்பார்கள். அப்புறம் கட்டடக்கலை நிறுவனத்தை நியமிப்பார்கள். அப்புறம் முதல்கட்ட வரைபடம், நிதி, ஒப்பந்தம். நீங்கள் பேச வேண்டியது 'ஆய்வு' என்ற சொல் காதில் விழுந்த அன்றைக்கே. வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு போனால் செங்கல் நிறத்தைப்பற்றித்தான் பேச முடியும்.

மாற்றுத் திட்டம் இல்லாமல் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் 'சேவ் தி பிக் ஹவுஸ்' என்று ஒரு குழு இருந்தது. கண்ணாடி அறைகள் இல்லாமல், சாதாரண இருக்கைகளைக் கூட்டியே பழுதுபார்க்கும் செலவை எடுக்கலாம் என்று அவர்கள் ஒரு திட்டத்தையே முன்வைத்தார்கள். தோற்றார்கள்தான். ஆனாலும் என்னுடைய கடிதத்தைவிட நூறு மடங்கு மேலான வேலை அது.

உண்மையில் அந்தப் போராட்டத்தில் ஸ்டேடியத்தையே மாற்றியவர்கள் வேறு ஆட்கள். மிச்சிகனின் உடல் செயலிழந்த முன்னாள் படைவீரர்கள் சங்கம் 2007 ஏப்ரலில் வழக்குப் போட்டது. அவர்கள் பாரம்பரியம் என்ற சொல்லைத் தொடவே இல்லை. லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள இடத்தில் சக்கர நாற்காலிக்கு இருந்தது 88 இடம். 1990-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் அன்றைய விதிப்படி புதிதாகக் கட்டும் அரங்கில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு இடம் விட வேண்டும். கான்கிரீட்டை மாற்றுவது வெறும் பழுதுபார்ப்பு, அதற்கு இந்த விதி பொருந்தாது என்றது பல்கலைக்கழகம். இது பழுது இல்லை, மாற்றம் என்றார்கள் படைவீரர்கள். மத்திய அரசின் நீதி அமைச்சகமும் அந்த வழக்கில் சேர்ந்துகொண்டது. 2008 மார்ச்சில் சமரசம்: 2010-க்குள் 329 சக்கர நாற்காலி இடம், அதே எண்ணிக்கையில் துணைக்கு வருபவருக்கு இருக்கை. ஒரு சட்டப்பிரிவு, இரண்டு எண்கள், ஒரு தெளிவான கேள்வி. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் என் கடிதத்தில் என்ன குறை என்று முழுதாகப் புரிந்தது.

அதனால் உங்கள் ஊர் வரைபடம் வெளியானதும் முதலில் இதைப் பாருங்கள். இப்போதைய விதிப்படி 5,000 இருக்கைக்கு மேல் உள்ள அரங்கில் 36 இடம், 5,000-க்கு மேல் ஒவ்வொரு 200 இருக்கைக்கும் இன்னும் ஒன்று. 65,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் என்றால் 36-உம் 300-உம் சேர்ந்து 336. எண்ணிக்கை மட்டும் போதாது. முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் நாற்காலியில் இருப்பவருக்குத் திடல் தெரியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பணத்தைப்பற்றியும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் 2005 முதலே நல்ல இடத்து சீசன் டிக்கெட்டுக்கு டிக்கெட் விலைக்கு மேல் 'நன்கொடை' என்று ஒரு தொகை கட்ட வேண்டி வந்தது. பிறகு கண்ணாடி அறைகளுக்கு வருஷ வாடகை 55,000 டாலர் முதல் 85,000 வரை என்றார்கள். என்னைப்போல் பெஞ்சில் உட்காருபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கட்டி முடிந்ததும் சாதாரண இருக்கை எத்தனை மிஞ்சும்? இடம் இழப்பவர்களை எங்கே மாற்றுவீர்கள்? அந்த அறைகள் காலியாகக் கிடந்தால் கடனை யார் கட்டுவது? மாணவர் பகுதி எங்கே போகும்? கடைசிக் கேள்வியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது மாணவர் டிக்கெட்டில்தான். அது எட்டாத விலையில் இருந்திருந்தால் இன்று இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

சரி, எல்லாம் பேசியாகிவிட்டது, கிரேன் வந்துவிட்டது. அதன் பிறகு? போங்கள். கோபத்தில் சீசன் டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். 2008-இலும் 2009-இலும் எங்கள் தலைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் எழும்பிக்கொண்டிருக்க, நாங்கள் ஆட்டம் பார்த்தோம். அந்த இரண்டு வருஷ ஃபோட்டோக்கள்தான் இன்றைக்கு என்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பானவை. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று எடுத்து வைத்தேன். பழைய பெஞ்சுப் பலகையோ எண் தகடோ விற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் குப்பை லாரியில் போய்விடும்.

என் வலப்பக்க சீட்டில் ஒரு பெரியவர் 1969 முதல் வந்துகொண்டிருந்தார். போ ஷெம்பெக்லர் பயிற்சியாளராக வந்த முதல் வருஷம் அது. மனைவியும் அவரும் ஒரு ஆட்டம் விடாமல் வந்தவர்கள். மனைவிக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை ஆன பிறகு 71-வது வரிசைக்குப் படிகளில் ஏறி இறங்க முடியவில்லை. அந்த அம்மா வீட்டில் ரேடியோ கேட்பார், இவர் மட்டும் வருவார். கண்ணாடி அறைகளை என்னைவிட அதிகமாக எதிர்த்தவர் இவர். 'போ இருந்தால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்' என்று அடிக்கடி சொல்வார்.

2010 செப்டம்பர் 4. கனெக்டிகட்டோடு ஆட்டம், 1,13,090 பேர். 30-10 என்று ஜெயித்தோம். எங்கள் அணியின் டெனார்ட் ராபின்சன் ஓடின ஓட்டத்தில் எழுந்த சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்து எங்கள் மேல் விழுந்தது. பழைய ஸ்டேடியத்தில் லட்சம் பேர் கத்தினாலும் சத்தம் அப்படியே மேலே போய்விடும், பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசலாம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதே சமயம் வானம் குறைந்ததும் உண்மை. மாலை ஆட்டங்களில் மேற்குக் கட்டடத்தின் நிழல் இப்போது முன்பைவிட அரை மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே 71-வது வரிசைக்கு வந்துவிடுகிறது. நவம்பரில் அந்த அரை மணி வெயில் பெரிய விஷயம். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

அன்றைக்கு என் வலப்பக்கம் பெரியவர் இல்லை. இடைவேளையில் கழிவறை வரிசையில் நின்றேன், எட்டு நிமிடம்தான். மிச்ச நேரத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். புதிதாக விட்ட சக்கர நாற்காலி இடத்தில் அந்த அம்மா, பக்கத்துத் துணை இருக்கையில் அவர். ஐந்து வருஷம் கழித்து அந்த அம்மா உள்ளே வந்திருக்கிறார். பழக்கத்தில் ரேடியோவையும் மடியில் வைத்திருந்தார், அணைத்து. என்னைப் பார்த்ததும் பெரியவர் மேலே கண்ணாடி அறைகளைக் கையால் காட்டி, 'இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை' என்றார். அப்புறம், அந்த அம்மாவுக்குத் திடல் மறையாத மாதிரி என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

71-வது வரிசைக்குத் திரும்பியபோது அவர் இடத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், முதல் சீசனாம். குளிர் வந்தால் இங்கே வெயில் எத்தனை மணி வரை இருக்கும் என்று கேட்டான். 2007 நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.